சொந்த லாங்குவேஜ்ல புது ஒப்பரேட்டர் உண்டாக்க விடுறது எப்பிடி

வந்தாறுமூலை, ஒலுவில் கெம்பஸ்ல ப்ரொஜெக்ட்டுக்கு சின்னதா ஒரு லாங்குவேஜ் செய்யிற ஆக்களுக்குத்தான் இது. பைதன்லயும் சி பிளஸ் பிளஸ்லயும் இரிக்கிற ஒப்பரேட்டர் குறிக்கு (+, * மாதிரி) வேற வேல குடுக்கலாம், புதுக்குறி போட ஏலாது (பைதன்ல மெற்றிக்ஸ் பெருக்க @ வந்ததே லாங்குவேஜையே மாத்தி, 2015ல 3.5 வெர்ஷனோடதான்). ஹாஸ்கெல், ஸ்விஃப்ட்ல ஏலும். நான் சொல்லுறது ஹாஸ்கெல் பக்கத்து வழி.

முதல்ல + - * / < > = ! & | ^ மாதிரி எதெல்லாம் குறி எண்டு முடிவெடுங்க. இதுகள் ஒட்டி வந்தா லெக்ஸர் (எழுதினத டோக்கன் எண்ட சின்னத் துண்டுகளாப் பிரிக்கிற பகுதி) ஏலுமான அளவு நீளமா ஒரே டோக்கனா எடுக்கணும், <+> எண்டா மூண்டில்ல, ஒண்டு. இதால ஒரு கரைச்சல் இரிக்கு, இடைவெளி விடாம =-1 எண்டு எழுதினா =- தனி ஒப்பரேட்டராப் போயிரும், ஹாஸ்கெல்லயும் இதே கததான், அங்க -- எண்டா கொமெண்ட், --> எண்டா கொமெண்ட் இல்ல. இடைவெளி விடச் சொல்லி எழுதி வெச்சிட்டு விடுங்க, லெக்ஸர்ல தந்திரம் காட்டப் போனா வேல முடியாது.

உண்மையான தலையிடி பார்ஸர்தான், அதாவது டோக்கன்கள எது எதோட சேருது எண்டு பாத்து மரமாக் கட்டுற பகுதி. 2 <+> 3 * 4 வந்தா எத முதல் சேக்குற? ஒவ்வொரு குறிக்கும் 0 தொடக்கம் 9 வரை ஒரு மட்டமும் (கூடின மட்டம் முதல் சேரும்), ஒரே மட்டக் குறிகள் அடுத்தடுத்து வந்தா இடப்பக்கத்துல இருந்து சேக்குறதா வலப்பக்கத்துல இருந்தா எண்டதும் வேணும். ஹாஸ்கெல்ல + க்கு 6, * க்கு 7, ஒண்டும் சொல்லாட்டி மட்டம் 9, பக்கம் இடது, அப்ப மேல உள்ளது (2 <+> 3) * 4 ஆயிரும், கூட்டல் மாதிரி நெனச்சு எழுதினவன் முழிப்பான். என்னக் கேட்டா டிஃபோல்ட்டே வேணாம், சொல்லாட்டி எரர் குடுங்க.

குறிட மட்டத்தயும் பக்கத்தயும் சொல்லுற அறிவிப்பு ஃபைல்ட கடைசிலயும் இரிக்கலாம், இம்போர்ட்லயும் வரலாம், அதால முதல் ரவுண்ட்ல மரம் கட்டாதீங்க, வந்த வரிசையிலயே லிஸ்ட்டா வெச்சுக்கங்க. எல்லா அறிவிப்பையும் டேபிள்ல சேத்த பிறகு ரெண்டாவது ரவுண்ட்ல பிரெசிடன்ஸ் கிளைம்பிங் எண்ட வழில மரம் கட்டுங்க: ஒரு ஃபங்ஷனுக்கு ஆகக் குறஞ்ச மட்டம் ஒண்டக் குடுங்க, அது இடப்பக்கத்த எடுத்துட்டு, அடுத்த குறிட மட்டம் அதுக்குக் குறையாம இரிக்கிற வரைக்கும் வலப்பக்கத்துக்குத் தன்னையே கூப்பிடும், இடக்குறி எண்டா அந்த மட்டத்தோட 1 கூட்டி, வலக்குறி எண்டா அதே மட்டத்தோட.

ஒரே மட்டத்துல ஒண்டு இடம் ஒண்டு வலம் எண்டு பக்கத்துல வந்தா ஊகிக்காதீங்க, பிரெக்கெட் போடச் சொல்லி எரர் காட்டுங்க.

டெஸ்ட் பண்ணக்குள்ள மரத்த முழு பிரெக்கெட்டோட பிரிண்ட் பண்ணுங்க. <+> க்கு 6 குடுத்தா 2 <+> (3 * 4) வரணும், 8 எண்டா (2 <+> 3) * 4. அறிவிப்ப ஃபைல்ட அடிக்கு மாத்தினாலும் அதே விடைதான் வரணும், வராட்டி முதல் ரவுண்ட்லயே எங்கயோ மரம் கட்டுறீங்க.