டிஎன்ஏ பொருந்திவிட்டால் வழக்கு முடிந்ததா? துப்பறியும் டிவி தொடர்கள் பார்த்து நாம் நம்பிவிடும் தவறுகள்

2007 ஏப்ரலில் ஜெர்மனியின் ஹைல்ப்ரான் நகரில், ரோந்து காரில் உட்கார்ந்திருந்த ஓர் இளம் பெண் காவலரைப் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார்கள். கூட இருந்தவர் படுகாயத்தோடு பிழைத்தார். காரில் எடுத்த மாதிரியில் ஒரு பெண்ணின் டிஎன்ஏ கிடைத்தது. அதே டிஎன்ஏ 1993இல் நடந்த ஒரு கொலையின் தடயத்திலும் இருந்தது. அப்புறம் திருட்டு, கொள்ளை என்று ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் மூன்று நாடுகளிலும் சுமார் 40 இடங்களில் அவள் வந்து போயிருந்தாள். துப்புக் கொடுப்பவருக்கு 3 லட்சம் யூரோ பரிசு அறிவித்தார்கள்.

2009இல் உண்மை தெரிந்தது. அப்படி ஒரு கொலைகாரியே கிடையாது. மாதிரி எடுக்கப் பயன்படும் பஞ்சுக் குச்சிகள் தயாரான இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ அது. போலீஸ் எங்கே போனாலும் அந்தக் குச்சியோடு அவரும் போயிருக்கிறார்! குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவைதான். ஆனால் கிருமி சாவது வேறு, டிஎன்ஏ அழிவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்ததால், இல்லாத ஒருத்தியைத் தேடி இரண்டு வருடம் போனது. காவலரைக் கொன்றது, ஹிட்லரின் கொள்கையைப் பின்பற்றும் ஒரு நவநாஜிக் கும்பல் என்பது 2011இல்தான் வெளிவந்தது. தடயம் சேகரிக்கும் பொருள்களில் மனித டிஎன்ஏ ஒட்டாமல் தயாரிக்க வேண்டும் என்று 2016இல் தனியாக ஒரு சர்வதேசத் தரவிதியே வந்தது.

தொடர்களில் "டிஎன்ஏ மேட்ச் ஆகிவிட்டது" என்ற வசனம் வந்ததும் கதை முடிந்துவிடும். நாம் செய்யும் முதல் தவறு, அந்த வசனத்தை அப்படியே நம்புவது. டிஎன்ஏ சோதனை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: இது யாருடையதாக இருக்கக்கூடும்? எப்போது வந்தது, எப்படி வந்தது, அந்த ஆள் அங்கே என்ன செய்தார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. முந்தைய நாள் வந்து காபி குடித்துவிட்டுப் போன பக்கத்து வீட்டுக்காரரின் டிஎன்ஏ டம்ளரில் இருக்கத்தான் செய்யும். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. டிஎன்ஏ கிடைக்கவில்லை, ஆகவே அவர் அங்கே வரவே இல்லை என்று முடிவு கட்டுவது. கையுறை போட்டிருக்கலாம், மழை பெய்திருக்கலாம், ஆய்வுக்குப் போதுமான அளவு ஒட்டாமலே இருந்திருக்கலாம்.

கைரேகைக்கு வருவோம். கணினித் திரையில் ரேகைகள் சரசரவென்று ஓடி, கடைசியில் ஒரே ஒரு முகம் வந்து நிற்கும். நிஜத்தில் கணினி தருவது ஒத்துப்போகக்கூடிய ரேகைகளின் பட்டியல். அதை வைத்துக்கொண்டு ஒப்பிட்டு முடிவு சொல்பவர் மனிதர். 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, குண்டை வெடிக்கவைக்கும் டெட்டனேட்டர் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் ஒரு ரேகை கிடைத்தது. அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் கணினி 20 பேர் கொண்ட பட்டியலைக் கொடுத்தது. அதில் நான்காவதாக இருந்த ஆரிகன் மாநில வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுதான் அந்த ஆள் என்று நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். பொருந்தவில்லை என்று ஸ்பெயின் போலீஸ் ஏப்ரலிலேயே சொல்லியும், மே மாதம் அவரைக் கைது செய்து இரண்டு வாரம் அடைத்து வைத்தார்கள். அந்த ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று ஸ்பெயின் கண்டுபிடித்த பிறகுதான் விட்டார்கள். பிறகு மன்னிப்பும், 20 லட்சம் டாலர் இழப்பீடும்.

இதை ஒட்டி ஐட்டியல் ட்ரோர் என்ற ஆய்வாளர் செய்த சோதனை என்னை இன்னும் உறுத்துகிறது. கைரேகை நிபுணர்கள் 5 பேரிடம், அவர்களே சில வருடங்களுக்கு முன் "பொருந்துகிறது" என்று சொன்ன ரேகைகளைக் கொடுத்து, "இது அந்த மேஃபீல்டு வழக்கு ரேகை" என்று மட்டும் சொன்னார். நான்கு பேர் மாற்றிச் சொன்னார்கள். மூவர் பொருந்தவில்லை என்றார்கள், ஒருவர் சொல்ல முடியாது என்றார். ரேகை அதேதான், காதில் விழுந்த கதைதான் வேறு. தொடர்களில் ஆய்வகத்துக்காரரே குற்றவாளியை விரட்டுவார், விசாரிப்பார், திரும்பி வந்து நுண்ணோக்கியில் பார்ப்பார். இது நடக்கவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ரேகையைப் பார்ப்பவருக்கு வழக்கின் கதை எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது.

"இறந்தது இரவு 11.40" என்று மருத்துவர் பிணத்தைப் பார்த்த உடனே சொல்வதையும் நம்ப வேண்டாம். உடல் குளிரும் வேகத்தை வைத்து நேரத்தைக் கணிப்பது குளிர் நாடுகளில் ஓரளவு உதவும். மே மாதச் சென்னையில் வெளியே 38 டிகிரி, உடம்பு 37 டிகிரி. அது எங்கே குளிர்வது? பிண விறைப்பும் வெயிலில் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். நேர்மையான மருத்துவர் சில மணி நேர இடைவெளியைத்தான் சொல்வார், அதுவும் தயங்கித்தான். லூமினால் என்ற ரசாயனத்தைத் தெளித்ததும் நீலமாக ஒளிர்ந்தால் இரத்தம் என்பதும் அப்படித்தான், பிளீச்சிங் பவுடர் பட்ட தரையும் ஒளிரும்.

சரி, இவையெல்லாம் பார்ப்பவர், செய்தி படிப்பவர் செய்யும் தவறுகள். நம் வீட்டிலோ தெருவிலோ ஏதாவது நடந்துவிட்டால் செய்யும் தவறுகள்தான் அதிகம் கெடுக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் (மாநிலங்கள் இதைப் படிப்படியாகக் கொண்டுவர அவகாசம் உண்டு). அவர் வரும்வரை அந்த இடம் அப்படியே இருக்க வேண்டும். உயிருள்ளவரைக் காப்பாற்றுவது முதல் வேலை, அதில் தடயத்தைப் பற்றி யோசிக்கவே கூடாது. அது முடிந்ததும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுங்கள். கூட்டமாக உள்ளே போய்ப் பார்ப்பதும், செல்போனில் படம் எடுப்பதும், பாவம் என்று இரத்தத்தைக் கழுவி விடுவதும் வேண்டாம்.

கறை பட்ட துணியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டுவது எல்லோரும் செய்வது. தொடர்களிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும், டிஎன்ஏ சிதைந்துவிடும். நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகிதப் பையில் வைப்பதுதான் முறை.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் குளிக்காமல், உடை மாற்றாமல் மருத்துவமனைக்குப் போவது நல்லது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும் என்பது இந்தியச் சட்டம். குளித்தாகிவிட்டது, இனி என்ன இருக்கப்போகிறது என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். காயங்களைப் பதிவு செய்யலாம், அன்று போட்டிருந்த உடையைக் கொடுக்கலாம், வேண்டிய மருந்தும் கிடைக்கும்.