பவர் ஆப்ஸிலிருந்து ஸ்டோர்ட் ப்ரொசீஜரை நேரடியாக அழைக்க

பவர் ஆப்ஸ் என்பது மைக்ரோசாஃப்டின் ஆப் உருவாக்கும் கருவி. எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் உள்ள ஸ்டோர்ட் ப்ரொசீஜரை (அங்கேயே சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பை) அதிலிருந்து அழைக்க, இடையில் பவர் ஆட்டோமேட் ஃப்ளோ (வேலைகளைத் தானாகச் செய்யும் தொடர்) இப்போது கட்டாயமில்லை. டேட்டா சோர்ஸ் சேர்க்கும்போது டேபிள்களோடு ப்ரொசீஜர்களும் தெரியும். வேண்டியதை டிக் செய்து இணைத்துவிட்டால், பட்டனை அழுத்தும்போது ஓடும் ஆன்செலக்டில் ஃபார்முலாவாகவே அழைக்கலாம்.

அதே இடத்தில், ப்ரொசீஜரை ஆப் திரையில் தரவைப் பட்டியலாகக் காட்டும் கேலரியிலும் டேபிளிலும் பயன்படுத்துவது பாதுகாப்பானதா என்று கேட்டு ஒரு பெட்டி இருக்கும். அவசரப்பட்டு அதை டிக் செய்யாதீர்கள். கேலரியின் ஐட்டம்ஸில் (எந்தத் தரவைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் இடத்தில்) ப்ரொசீஜரைப் போட்டால், தரவைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஆப் முடிவு செய்யும்போதெல்லாம் அது ஓடும். தரவைப் படிக்க மட்டும் செய்யும் செலக்ட் என்றால் சரி. உள்ளே புதிய பதிவைச் சேர்க்கும் ஓர் இன்சர்ட் இருந்தால்? ஒரே ஆர்டர் இரண்டு மூன்று முறை பதிவாகிவிடும். தரவை மாற்றும் ப்ரொசீஜரைப் பட்டனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், ப்ரொசீஜரிலிருந்து விடையாகத் திரும்பி வரும் ரிசல்ட்செட்டில் எது எண், எது எழுத்து என்று ஆப்புக்குத் தெரியாது. வேல்யூ, டெக்ஸ்ட் ஃபங்ஷன்களால் மாற்றிய பிறகே பயன்படுத்துங்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அனுமதி விஷயம்தான். பயனருக்கு டேபிளைத் திறந்துவிடாமல், ப்ரொசீஜருக்கு எக்ஸிக்யூட் (இயக்கும்) அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் டேபிள், ப்ரொசீஜர் இரண்டுக்கும் ஓனர் ஒருவராக இருக்க வேண்டும். ப்ரொசீஜருக்குள் டைனமிக் எஸ்க்யூஎல் (ஓடும்போதே எழுத்துகளாகக் கோர்த்து இயக்கும் கட்டளை) இருந்தால் இது செல்லாது.