நம்மிடையே ஒளிந்து வாழும் வேற்றுக்கிரகவாசியை நாவலில் நம்பவைப்பது எப்படி?

வேற்றுக்கிரகவாசிகள் மனிதர்களோடு மனிதர்களாக ஒளிந்து வாழும் நாவலை எழுத முனைபவர்கள் பெரும்பாலும் விண்கலத்திலிருந்து தொடங்குகிறார்கள். உடலிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை. வந்திருப்பவரின் உடலுக்கும் நம் உடலுக்கும் இடையே வெளியில் தெரியாத ஒரேயொரு வேறுபாட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் விளைவுகளைக் கடைசிவரை பின்தொடர்ந்தால், கதைக்கு வேண்டிய ஆபத்தும் துயரமும் அதிலிருந்தே பிறக்கும்.

மூலக்கூறுகளின் இட, வல அமைப்பை எடுத்துக்கொள்வோம்: பல மூலக்கூறுகள், நம் இடக்கையும் வலக்கையும் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் இருக்க முடியும். பூமியின் உயிர்களிலுள்ள புரதங்கள், இட, வல வேறுபாடே இல்லாத கிளைசின் நீங்கலாக, இடக்கை வடிவ அமினோ அமிலங்களால் ஆனவை. மாவுச்சத்தின் குளுக்கோஸ் வலக்கை வடிவம். இவை இரண்டும் இடம் வலமாக மாறிய உடலோடு ஒருவர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடக்கை உறை வலக்கைக்குப் பொருந்தாததுபோல நம் உணவு அவருடைய செரிமானத்துக்குப் பொருந்தாது; பந்தியில் உட்கார்ந்து அவர் எவ்வளவு சாப்பிட்டாலும் சோறும் பருப்பும் உடலில் ஒட்டாது. கொழுப்பு அமிலங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வேறுபாடு இல்லை என்பதால் நெய்யும் எண்ணெயும் ஓரளவு உதவும். புரதத்துக்கோ தம் கிரகத்திலிருந்து கொண்டுவந்த பாசியை மொட்டை மாடித் தொட்டியில் அவர் வளர்த்தாக வேண்டும். தொட்டியைக் கழுவ வீட்டு உரிமையாளர் ஆள் அனுப்பும் நாளை முடிவு செய்தாலே ஓர் அத்தியாயம் கிடைத்துவிடும்.

வாசனையையும் விட்டுவிடாதீர்கள். புதினாவுக்கு மணம் தரும் கார்வோன் என்ற மூலக்கூறின் மறுகை வடிவமே சதகுப்பையின் மணத்துக்கும் காரணம். மூக்கின் உணர்விகளும் மாறியிருக்கும் அவருக்குப் புதினாத் துவையல் சதகுப்பையாகவே மணக்கும். பக்கத்து வீட்டுப் பெண் கிண்ணத்தை நீட்டும்போது, "சதகுப்பை போட்டீங்களா அக்கா?" என்று அவர் ஒரே ஒரு முறை கேட்கட்டும். அந்த இடத்தில் எதையும் விளக்காதீர்கள். நெடுநேரம் கழித்து, வேறு ஏதோ ஒரு சந்தேகத்தின்போது, அந்த அக்காவுக்கே அது நினைவுக்கு வரட்டும்.

நம் வைரஸ்களாலும் அந்த உடலில் பெருக முடியாது. உங்கள் கதை 2006இல் தமிழகத்தில் சிக்குன்குனியா பரவிய காலத்தில் நடந்தால், தெருவே மூட்டு வலியில் முடங்கிக் கிடக்கும்போது அவர் மட்டும் வலியை நடிக்க வேண்டியிருக்கும். காலையில் நொண்டியது எந்தக் கால் என்பதை மாலையில் மறந்துவிடுவதே அவரைக் காட்டிக்கொடுக்கப் போதுமானது.

பயணத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஆனால் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. வாயேஜர் 1 விண்கலம் செல்லும் வேகத்தில் அவ்வளவு தூரத்தைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டினாலும் ஏறத்தாழ 42 ஆண்டுகள். அத்தனை காலம் கடந்து வந்தவரைச் சிறு காரணத்துக்காக அனுப்பிவிடாதீர்கள்.

அடையாள ஆவணங்களைப் பற்றிப் பலரும் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். ஆதாருக்குப் பத்து விரல்களின் ரேகைகளும் இரண்டு கருவிழிகளும் பதிவாகின்றன என்பதால், விரல் நுனியையும் விழியையும் அவர் எப்படி உருவாக்கினார் என்பதற்கு நீங்கள் விடை வைத்திருக்க வேண்டியதுதான். ஆனால் கிராமத்துத் திண்ணையில் ஒரு பாட்டி, "தம்பி எந்த ஊரு, யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்பது அதைவிடக் கடினமான சோதனை. ஊர், உறவு, குலதெய்வம் என்று அடுத்தடுத்து வரும் கேள்விகளுக்குப் பொய் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பொய்யும் விசாரித்து அறியக்கூடிய ஒரு மனிதரைச் சுட்டிவிடும். ஆகவே, அவர் எங்கே குடியிருக்கிறார் என்பதை இந்தக் கேள்வியை வைத்தே முடிவு செய்யுங்கள்: வெளியூர்க்காரர்கள் வந்து போகும் நகரத்து வாடகைக் குடியிருப்பா, அல்லது யாரேனும் ஒரு மனிதர் தெரிந்தே தம் உறவாக ஏற்றுக்கொண்ட கிராமமா? இரண்டாவது கடினம்தான், ஆயினும் ரகசியத்தைப் பகிர்ந்துகொள்ளும் அந்த மனிதரால் நாவலின் ஆழம் கூடுகிறது என்பதால், நான் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

முதல் வரைவு முடிந்தபின், இடக்கை, வலக்கை என்று அறிவியலை விளக்கும் பத்திகளை எல்லாம் தனியே குறித்துக்கொண்டு, அவற்றை நீக்கிவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். துவையல் கிண்ணத்திலிருந்தும் மாடித் தொட்டியிலிருந்தும் வாசகர் தாமே ஊகித்துவிடக்கூடியவற்றை நீக்கியபடியே விட்டுவிட்டு, ஊகிக்க முடியாத இடங்களில் மட்டும் ஓரிரு வரிகளைத் திரும்பச் சேருங்கள்.