கை வின்ச் வாங்கும்போது டன் கணக்கை மட்டும் நம்பாதீர்கள்

சேற்றில் சிக்கிய வண்டியைக் கையால் இழுத்து மீட்கும் கை வின்ச் தேடினால் முதலில் கண்ணில் படுவது ‘4 டன்’ ஸ்டிக்கர் ஒட்டிய சின்ன ரேச்செட் புல்லர்தான் (லீவரை ஆட்ட ஆட்டப் பல்சக்கரம் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வகை). விலை குறைவு, சீட்டுக்கு அடியில் அடங்கிவிடும். வாங்கும் முன் அதன் கம்பிக் கயிற்றின் தடிமனை அளந்து பாருங்கள். பல மாடல்களில் 5 மி.மீ.தான் இருக்கும். தரமான 5 மி.மீ. கயிறே ஏறத்தாழ ஒன்றரை டன்னில் அறுந்துவிடும். கப்பியில் மடித்து இரட்டையாகப் போட்டாலும் 3 டன்தான். அறுந்துபோகும் அளவே 3 டன் என்றால், பாதுகாப்பாக இழுக்கும் அளவு அதைவிட எவ்வளவோ குறைவு. ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணுக்கு அங்கே அர்த்தமே இல்லை.

நமக்கு எவ்வளவு இழுவிசை தேவை? பிரவுச்சரில் இருக்கும் வெற்று எடையை வைத்துக் கணக்குப் போடுவது அடுத்த தவறு. ஆட்கள், தண்ணீர், ஸ்டெப்னி, கூடாரம் எல்லாம் சேர்ந்தால் ஒரு மஹிந்திரா தார் ஜீப் 2 டன்னைத் தாண்டிவிடும். சக்கரம் முழுக்கச் சேற்றில் புதைந்தால் வண்டியின் எடைக்குச் சமமான விசை வேண்டும். மட்கார்டு வரை இறங்கியிருந்தால் இரண்டு மடங்கு. 15 டிகிரி ஏற்றமும் சேர்ந்தால் எடையில் இன்னொரு கால் பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆகவே, நிறை சுமையோடு உள்ள எடையைப்போல் ஒன்றரை மடங்கு என்பதைக் குறைந்தபட்சமாக வையுங்கள். மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் சரிவாக வெட்டிவிட்டாலே தேவைப்படும் விசை வெகுவாகக் குறையும். அதைச் செய்யாமல் லீவரைப் பிடிப்பது வீண் வேலை.

பலரும் யோசிக்காத விஷயம் தூரம். ரேச்செட் புல்லரில் கயிறு சில மீட்டர்தான் இருக்கும். இரட்டையாகப் போட்டால் இழுக்கும் தூரம் அதிலும் பாதி. கயிற்றுக்குப் பதில் சங்கிலியை லீவரால் இழுக்கும் லீவர் செயின் பிளாக்கில் பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் ஓட்டம். அது தீர்ந்ததும் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கழற்றி, மறுபடி கட்ட வேண்டும். சேற்றுக் குழி 5 மீட்டர் நீளம் என்றால் இந்த வேலையிலேயே இருட்டிவிடும். கயிறு உடலுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளிவரும் டிர்ஃபர் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. உள்ளே இரண்டு ஜோடி தாடைகள் மாறி மாறிக் கயிற்றைக் கவ்வி இழுப்பதால், கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் இழுக்கலாம். பின்னோக்கி விடுவதற்குத் தனி லீவர் உண்டு. பாரத்தோடு இருக்கும்போதே அங்குலம் அங்குலமாக இறக்கலாம். மலிவான ரேச்செட்டில் விறைத்து நிற்கும் கயிற்றைத் தளர்த்துவதுதான் மிக ஆபத்தான தருணம்.

டிர்ஃபர் என்று முடிவானால் 3.2 டன் மாடலுக்குத் தாவ வேண்டாம். மெஷின் 25 கிலோ அளவு, அதன் 16 மி.மீ. கயிறு மீட்டருக்கு ஒரு கிலோ. தனி ஆளாகச் சேற்றில் தூக்கி நடக்க முடியாது. 1.6 டன் மெஷினும், அதற்கு உற்பத்தியாளர் சொன்ன அதே தடிமனுள்ள கயிறும், ஒரு ஸ்னாட்ச் பிளாக்கும் (பக்கவாட்டில் திறந்து கயிற்றை மாட்டும் கப்பி) போதும். மெஷினை வண்டியில் ஒரு கொக்கியில் மாட்டி, கயிற்றை மரத்தில் உள்ள பிளாக் வழியாகத் திருப்பி, வண்டியின் இன்னொரு மீட்புக் கொக்கியில் கட்டினால், உராய்வு போக ஏறக்குறைய 3 டன் கிடைக்கும். அந்த முழு விசையும் பிளாக்கின் மீதும் மரத்தின் மீதும் விழும் என்பதை மறந்து, மெஷினுக்குச் சமமான 1.6 டன் பிளாக்கை வாங்கிவிடுகிறார்கள். பிளாக்கும், அதை மாட்டும் U வடிவ இணைப்பு வளையமான ஷாக்கிளும் 3.25 டன்னாவது இருக்கட்டும். அந்த எண் உலோகத்திலேயே பொறித்திருக்க வேண்டும். மரத்துக்கு 75 மி.மீ. அகலப் பட்டை, அதுவும் அடிமரத்தில். கயிறு எட்டவில்லை என்று நீளம் கூட்ட, ரப்பர்போல் நீளும் நைலான் கைனெடிக் கயிற்றைச் சேர்க்கவே கூடாது; அது இழுபட்டு விசையைச் சேமித்து வைத்து, எங்காவது அறுந்தால் கொக்கியை ஆள்மீது வீசும்.

ஷியர் பின் விஷயத்தில் சமரசமே வேண்டாம். சுமை மீறினால் முன்னோக்கி இழுக்கும் லீவரில் உள்ள அந்தச் சின்னப் பின் முறிந்துவிடும். இது கோளாறு இல்லை, எச்சரிக்கை. பின் முறிந்தாலும் பின்னோக்கும் லீவர் வேலை செய்யும். கயிற்றைத் தளர்த்தி, மண்ணை இன்னும் தோண்டி, அதே மாடலின் உதிரிப் பின்னைப் போடுங்கள். ஆணியோ போல்ட்டோ செருகினால் அடுத்து உடைவது தாடையாகவோ கயிறாகவோ இருக்கும். லீவருக்கு இரும்புக் குழாய் மாட்டி நீட்டுவதும் இதே வகைத் தவறுதான். கடையில் உதிரிப் பின் கிடைக்காத மாடலை வாங்காதீர்கள்.

பழைய மெஷின் வாங்குவோர் கயிற்றின் நுனியைக் கவனிக்க வேண்டும். நுனி பிரிந்திருந்தால் தாடைக்குள் நுழையாது. ஒருமுறை முடிச்சாக மடிந்து நிமிர்த்திய கயிறு அந்த இடத்தில் பலம் இழந்திருக்கும், தாடையிலும் சிக்கும். மெஷினுக்கு எண்ணெய் விட்டால் பிடி வழுக்கும் என்று பயந்து அதை உலர விடுவோரும் உண்டு. உண்மையில் உலர்ந்தால்தான் தாடைகள் திணறும். கிராஃபைட், மாலிப்டினம் கலக்காத சாதாரண எண்ணெய் விடலாம்.