ஓய்வுநாள் பாடம்: புதிதாகப் படிப்பிக்க வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் எங்கள் ஞாயிறு பாடசாலைக்குப் புதிதாகப் படிப்பிக்க வரும் தம்பி தங்கச்சிமாரிடம், வாரத்தில் ஒரு நாள் வேலையை நிறுத்தி இளைப்பாறச் சொல்லும் பத்துக் கட்டளைகளில் ஒன்றான ஓய்வுநாள் பாடத்தைக் கொடுத்தால், வருடா வருடம் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். அந்த வயதில் நாங்களும் சறுக்கிய இடங்கள்தான். வசனம் தடுமாறுவது, நேரம் போதாமல் போவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

கடவுள் களைத்துப்போனார் என்று சொல்வது

ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் கடவுள் ஓய்ந்திருந்தார் என்பதற்காக அப்படிச் சொல்ல வேண்டாம். அவர் சோர்ந்துபோவதுமில்லை, இளைப்படைவதுமில்லை என்கிற ஏசாயா 40:28-ஐ வாசித்துவிட்டு வகுப்புக்குள் போங்கள்.

கட்டளையைப் பாதியில் நிறுத்துவது

இன்றைக்கும் எனக்குப் பொறுக்காதது இதுதான். “ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக” என்று யாத்திராகமம் 20:8-ஐ மனப்பாடம் செய்விக்கிறார்கள். அதோடு வேதாகமத்தை மூடிவிட்டு, கரும்பலகையில் தடைகளை எழுதத் தொடங்குகிறார்கள்: ரியூசனுக்குப் போகக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது, கிரிக்கெட் கூடாது.

அடுத்த வசனங்களில் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலில் இருக்கிற அந்நியன் என்று எல்லோரும் வருகிறார்கள். உபாகமம் 5:14 இன்னும் வெளிப்படையாக, “நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும் இளைப்பாறவேண்டும்” என்கிறது. யாத்திராகமம் படைப்பைக் காரணம் காட்டுகிறது. உபாகமம் எகிப்தின் அடிமைத்தனத்தை நினைவூட்டுகிறது. அங்கே அடிமைகளாயிருந்த இஸ்ரவேலர் ஆராதிக்கப் போக விடுமுறை கேட்டபோது எகிப்தின் ராஜாவான பார்வோன் என்ன செய்தான்? ‘நீங்கள் சோம்பேறிகள்’ என்றான். செங்கல் செய்யக் கொடுத்துவந்த வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கு மட்டும் குறையக் கூடாது என்றான். அப்படி வாழ்ந்த ஜனத்துக்குத்தான் இந்த நாள் கொடுக்கப்பட்டது.

இது தெரியாமல் படிப்பித்தால் என்ன நடக்கும்? நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை செய்த பையன் ஒருவன் எங்கள் இளைஞர் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான். வெள்ளைக்காரர் வரும் சீசனில் ஞாயிறு லீவு கேட்டால் வேலையே போய்விடும். சீசன் முடிந்து வந்தவனை, புதிதாக வந்த ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி, ‘கர்த்தருடைய நாளைக் காசுக்கு விற்கலாமா?’ என்று கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. பிறகு வரவுமில்லை. ஞாயிறும் ஆட்களை வேலைக்கு அழைக்கும் முதலாளிமார் அதே சபையில் முன்வாங்கில் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கட்டளை முதலில் பேசுவதே அவர்களோடுதான். கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி இன்றைக்கு வலை வளைப்பதில்லை என்றால், கயிறு இழுக்கிற அத்தனை பேருக்கும் அன்று ஓய்வு. இழுக்கிறவன் தனியாக அப்படித் தீர்மானிக்க முடியுமா?

வீட்டிலும் இதே கதைதான். ஆராதனை முடிந்து வந்த அம்மா, சேலை மாற்றக் கூட நேரமில்லாமல் தேங்காய் திருவிக்கொண்டிருப்பார். ஒரு அடுப்பில் நண்டுக் கறி, மற்றதில் சோறு, வெங்காயம் இன்னும் உரிபடவில்லை. மற்றவர்கள் விறாந்தையில் இளைப்பாறுவார்கள். ஒருமுறை ஒரு சிறுமி, “ரீச்சர், இந்த வசனத்தில் அம்மா இல்லையே?” என்று கேட்டாள். கட்டளை அப்பாவோடும் அம்மாவோடும் சேர்த்தே பேசுகிறது என்று சொன்னேன். அதற்குப் பிறகு இந்தப் பாடத்தில் நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேலை ஒன்றுதான்: உங்கள் ஞாயிறு ஓய்வாக இருக்க அன்று யார் யார் வேலை செய்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தாளை வீட்டில் காட்டச் சொல்லுங்கள்.

உழைத்ததற்குக் கூலி ஓய்வு என்பது

ஆதியாகமத்தில் மனிதன் ஆறாம் நாளில்தான் படைக்கப்படுகிறான். அவன் கண்ட முதல் முழுநாளே ஓய்வுநாள். அப்போது அவன் என்ன உழைத்திருந்தான்?

பரிசேயரைக் கேலி செய்வது

ஓய்வுநாளைப் பற்றி இயேசுவோடு வாதாடிய யூத மதத் தலைவர்கள்தான் பரிசேயர். யூதருக்கு அந்த நாள் விளக்கேற்றி வரவேற்கும் சந்தோஷ நாள். உயிரைக் காப்பாற்ற ஓய்வுநாளை மீறலாம் என்பது அவர்களுடைய போதகர்களே சொன்னது. இதைச் சொல்லிவிட்டுப் பிறகு, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று இயேசு சொல்லும் மாற்கு 2:27-க்கு வாருங்கள்.

இயேசு தரும் இளைப்பாறுதலை வேறு பாடமாக்குவது

“வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே” என்ற அழைப்பு மத்தேயு 11-இன் கடைசியில் இருக்கிறது. அடுத்த அதிகாரம் தொடங்குவதே ஓய்வுநாளில் சீஷர்கள் பசித்துக் கதிர் கொய்வதோடுதான். இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். எபிரெயர் 4 இன்னும் வரவிருக்கிற இளைப்பாறுதலைச் சொல்கிறது. அதைப் பெரிய பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சனியா, ஞாயிறா என்று மல்லுக்கு நிற்பது

ரோமப் பேரரசன் கொன்ஸ்தந்தீன் கி.பி. 321இல் ஞாயிறை ஓய்வு நாளாக்கிச் சட்டம் போட்டது உண்மை. அதற்கு வெகுகாலம் முன்பே, உயிர்த்தெழுதலை நினைத்து வாரத்தின் முதல்நாளில் சபை கூடியதும் உண்மை. வகுப்பில் அட்வென்டிஸ்ட் குடும்பத்துப் பிள்ளை இருந்தால் அவர்கள் சனிக்கிழமையை எப்படி அனுசரிக்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு, நாட்களைப் பற்றி அவனவன் தன் மனதிலே நிச்சயித்துக்கொள்ளட்டும் என்கிற ரோமர் 14:5-ஐ வாசித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போங்கள்.