நகல் ராணுவக் கத்தியை நம்பிக் காட்டுப்பன்றி முன்னால் போய் நிற்பதற்கு முன்

நான் ஆசைப்பட்டு வாங்கிய ராணுவக் கத்தி ஒரு வேலி முளையைக் கூராக்கும்போது நாலாவது வெட்டிலேயே பிடி என் கையிலும் அலகு புல்லுக்குள்ளுமாகப் பிரிந்துபோனது. பார்ப்பதற்கு அப்படியே இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க மரைன் வீரர்கள் இடுப்பில் தொங்கவிட்டிருந்த கேபார் கத்தி. கறுப்பு அலகு, அடுக்கடுக்காகத் தோல் வளையம் கோத்த பிடி, அலகில் முத்திரை, எல்லாம் இருந்தது. பிடிக்குள்ளிருந்து வெளியே வந்ததோ அலகின் அடியில் பற்றவைத்த ஒரு மெல்லிய திருகாணிக் கம்பி, என் சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. அந்த வேலியே காட்டுப்பன்றிக்காகப் போட்டதுதான். முளைக்குப் பதிலாகப் பன்றி எதிரில் நின்றிருந்தால் என் கதி என்ன என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் கத்தியையும் பன்றியையும் பற்றி ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

முதலில் கத்தி. நகல் வாங்குவதில் தப்பே இல்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் கையில் இருப்பது கருவியா அலங்காரப் பொருளா என்று தெரிந்திருக்க வேண்டும். அலகு பிடிக்குள் எப்படிப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அலகின் பின்பகுதி பிடிக்குள் நீளும், அதை வால் என்று வைத்துக்கொள்வோம். அலகு, வால் இரண்டும் ஒரே எஃகுத் துண்டாக இருந்து, வால் பிடியின் கடைசி வரை போனால் அது வேலைக்கு ஆகும். 1942-ல் வந்த அசல் கேபாரிலும் வால் அலகைவிடக் குறுகலாகத்தான் இருக்கும், அது குறையில்லை, ஏனென்றால் அது அலகோடு சேர்த்தே அடித்து, பதம் ஏற்றி, அதாவது காய்ச்சிக் கடினமாக்கி, பிடியின் கடைசியில் உள்ள அடிக்குமிழில் இறுக்கியது. மலிவு நகலில் அலகைப் பிடி தொடங்கும் இடத்திலேயே வெட்டிவிட்டு ஒரு கம்பியைப் பற்றவைத்துவிடுகிறார்கள். வெளியே தெரியாது. தோல் வளையம் எல்லாவற்றையும் மூடிவிடும்.

பிடியைப் பிரிக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். காதருகே வைத்துக் குலுக்குங்கள், சின்னதாகக் கடகடவென்று சத்தம் வந்தால் உள்ளே ஏதோ ஆடுகிறது. கைக்காப்பை, அதாவது அலகுக்கும் பிடிக்கும் நடுவில் குறுக்காக நிற்கும் தகட்டை, இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். அடிக்குமிழைத் திருகினால் சுலபமாகக் கழன்று வருகிறதென்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் திருகாணிக் கம்பிதான். அப்புறம் அரம். கைக்காப்பை ஒட்டி, கண்ணுக்குப் படாத இடத்தில் பெயின்டைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு அலகின் ஓரத்தில் சின்ன அரத்தின் மூலையை வைத்து இழுங்கள். கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் பதம் ஏறிய எஃகு. நறநறவென்று பற்றித் தூள் உதிர்ந்தால் அது வெறும் தகடு, எத்தனை முறை சாணை பிடித்தாலும் ஒரு கயிற்றை அறுப்பதற்குள் மழுங்கிவிடும். அலகில் ஸ்டெயின்லெஸ் என்று மட்டும் பெரிதாகப் பொறித்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். துரு பிடிக்காது என்றுதான் அதற்கு அர்த்தம், கூர் நிற்கும் என்று அல்ல.

சரி, அசலே கையில் இருந்தால் மட்டும்? இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்காக 1941 தொடக்கத்தில் வில்கின்சன் நிறுவனம் செய்துகொடுத்த ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கத்தி மனிதனைக் குத்துவதற்கென்றே மெலிதாகச் செய்தது, நுனி சட்டென்று உடையும், அதை வைத்து மரம் சீவுவதே பாவம். 1918 என்று முத்திரை போட்ட, விரல் நுழைக்கும் வளையங்களோடு வரும் பதுங்குகுழிக் கத்தி நகல்களோ வெறும் பயமுறுத்தல். தவிர, அந்த விரல்வளையப் பிடியைக் கையில் வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம். இருபக்கமும் கூர் உள்ள கத்திகளுக்கும் பல இடங்களில் தடை உண்டு. வாங்கும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

நகலைச் சுவரில் வைப்பதானால் ஒரே ஒரு குறிப்பு, தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஆறு மாதம் கழித்து உருவினால் அலகு முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துரு. லேசாக எண்ணெய் தடவி வெளியே வையுங்கள்.

இனி பன்றி. ஆண் காட்டுப்பன்றியின் தோளில் தோலுக்கடியில் குருத்தெலும்பு மாதிரி தடித்த ஒரு கவசம் உண்டு, ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்போது காயம் படாமல் இருப்பதற்காக. கீழ்த்தாடைக் கோரைப்பல் மேல்பல்லில் உரசி உரசித் தானாகவே தீட்டிக்கொள்ளும். அதற்குச் சாணைக்காரனே வேண்டாம். தலையைத் தாழ்த்தி வந்து மேல்நோக்கி வீசும், அதனால் அடி விழுவது முழங்காலிலும் தொடையிலும். தொடையில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்தால் நிமிடக்கணக்குதான். பழைய காலத்து ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் பன்றிக்கென்று வைத்திருந்த ஈட்டியைப் பாருங்கள், முனைக்குக் கீழே குறுக்காக ஒரு கட்டை இருக்கும். எதற்கென்றால், குத்துப்பட்ட பன்றி நிற்காமல் ஈட்டிக் கம்பு வழியாகவே மேலே ஏறி ஆளிடம் வந்துவிடும் என்பதால். ஆள் உயர ஈட்டிக்கே இந்த நிலை என்றால் ஒரு சாண் கத்தியை வைத்து என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே எதிரில் பட்டால் கத்தியைத் தேடாமல் உயரத்தைத் தேடுங்கள். பெரும்பாலான பன்றிகள் உங்கள் வாடை பட்டதுமே ஓடிவிடும், அவற்றுக்குப் பார்வை மந்தம், மூக்குதான் கண். ஆபத்து மூன்று நேரத்தில்: குட்டிகளோடு தாய் இருக்கும்போது, காயம் பட்டிருக்கும்போது, தப்ப வழியில்லாமல் நீங்கள் அதை மடக்கிவிட்டபோது. பாயப்போகிறது என்பதற்கு அறிகுறி உண்டு. நின்று உங்களை நேராகப் பார்க்கும், முதுகு மயிர் சிலிர்த்து நிற்கும், பல்லைக் கடகடவென்று அடிக்கும், ஹுஃப் என்று ஊதும். அந்த நேரத்தில் முதுகைக் காட்டி ஓடாதீர்கள், அது மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், நீங்கள் ஓட மாட்டீர்கள். பார்வையை எடுக்காமல் மெதுவாகப் பின்வாங்கி, அது போவதற்கு ஒரு பக்கத்தைத் திறந்துவிடுங்கள். பாய்ந்தேவிட்டால் மரமோ, பாறையோ, வண்டியின் மேற்கூரையோ, எதிலாவது ஏறுங்கள். எதிலும் ஏற முடியவில்லையென்றால் ஒரு மரத்தை நடுவில் வைத்துச் சுற்றுங்கள். கீழே விழுந்துவிட்டால் எப்படியாவது எழுந்து நில்லுங்கள், தரையில் கிடந்தால் வயிறும் கழுத்தும் பல்லுக்கு எட்டும். தினைப்புனம் காத்த காலத்திலேயே பரண்மேல் இருந்துதான் காவல் காத்தார்கள், கீழே நின்று அல்ல. நாயைக் கயிற்றில் பிடித்திருங்கள். அவிழ்த்துவிட்டால் அது போய்ச் சீண்டிவிட்டு உங்கள் காலுக்குப் பின்னால்தான் வந்து ஒளியும், பின்னாலேயே பன்றியும் வரும்.

உண்மையான வேலை வேலியில்தான் இருக்கிறது. முதலில் வந்து போவது பன்றிதானா என்று உறுதிசெய்யுங்கள். மண் ஏர் உழுததுபோல் புரண்டு கிடக்கும், பக்கத்தில் சேற்றுக் குழி இருக்கும், மரத்தின் அடியில் சேறும் மயிரும் ஒட்டியிருக்கும். மான் குளம்பு முன்பக்கம் கூராகக் குவியும், பன்றியினுடையது மழுங்கலாக, அகலமாக இருக்கும். ஈர மண்ணில் பின்னால் இரண்டு சின்னக் குளம்புகளின் தடமும் பக்கவாட்டில் விரிந்து விழுந்திருக்கும்.

மின்வேலி போடுவதானால் கீழ்க்கம்பி தரையிலிருந்து 20 சென்டிமீட்டர், அடுத்தது 45. இரண்டும் மூக்கு மட்டத்தில் நிற்க வேண்டும், ஏனென்றால் ஈர மூக்கில் பட்டால்தான் அதிர்ச்சி உறைக்கும், முதுகு மயிரில் பட்டால் சொறிந்துவிட்டதுபோல்தான் இருக்கும். விட்டு விட்டு அடிக்கும் வேலிக்கருவியை மட்டுமே இணையுங்கள். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது கொலைக்குச் சமம், அதில் சாவது பன்றியாக மட்டும் இருக்காது. கம்பியில் புல் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். நான் ஒரு பத்து நாள் புல்லை அறுக்காமல் விட்டேன், பதினோராவது நாள் காலையில் வேலிக்கு உள்ளே உழுது வைத்திருந்தது. விளைச்சல் ருசி தெரிவதற்கு முன்பே வேலி போட்டுவிடுங்கள், ருசி தெரிந்த பன்றி அடி வாங்கிக்கொண்டாவது உள்ளே வரும்.

உங்கள் ஊரில் பொறி வைக்க அனுமதி உண்டென்றால், பெரிய பட்டி மாதிரி வட்டமாகக் கட்டுங்கள், மூலை வேண்டாம், மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தாண்டிவிடும். கூட்டமாகத் திரிவது பெட்டைகளும் குட்டிகளும், வளர்ந்த ஆண் தனியாகவே சுற்றும். பெட்டை சுமார் 115 நாளில் குட்டி போட்டுவிடுவதால் இரண்டைப் பிடித்து மற்றதை விட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை, தப்பியவை அதற்கப்புறம் பொறிப் பக்கமே வராது. கதவைத் திறந்தே வைத்து, இரை போட்டு, மொத்தக் கூட்டமும் கூச்சமில்லாமல் உள்ளே போய் வரும்வரை பொறுங்கள். எனக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. ஆறு உள்ளே போகும், ஏழாவது வெளியே நின்று மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கும். அது உள்ளே வந்த ராத்திரிதான் கதவை விழவிட்டேன்.

பிடித்ததைக் கொல்வதும் கொண்டுபோவதும் அனுமதி உள்ளவர்களின் வேலை, கத்தியோடு பட்டிக்குள் இறங்குவது அல்ல. செத்த பன்றியைத் தொடுவதானால் ரப்பர் கையுறை கட்டாயம். புருசெல்லா கிருமி ரத்தத்திலிருந்து கையில் உள்ள சின்னக் கீறல் வழியாகக்கூட ஏறும், மாதக்கணக்கில் காய்ச்சல் விட்டு விட்டு வரும். இறைச்சியைச் சாப்பிடுகிறவர்கள் உள்பகுதி 71 டிகிரி செல்சியஸ் தொடும்வரை வேகவைக்க வேண்டும், தசைக்குள் சுருண்டிருக்கும் புழு அதற்குக் குறைந்த சூட்டில் செத்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது.