கலந்தாய்வு ஆவணத்துக்குப் பதில் எழுத ஒரு சிறிய அமைப்பைத் தயார்படுத்துவது எப்படி

தொலைத்தொடர்புக் கொள்கை பற்றிக் குடிமைச் சமூக அமைப்புகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய புதிதில், அலைக்கற்றை என்றால் என்ன என்பதில்தான் ஆரம்பிப்பேன். இரண்டு நாள் வகுப்பு முடிந்ததும் எல்லோரும் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் ஒருவர்கூட ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு வரி எழுதியதில்லை. இப்போது தலைகீழாகத் தொடங்குகிறேன். புதிய விதி போடும் முன் ஆணையம் கேள்விகளோடு வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துக்காகத் திறந்து வைத்திருக்கும் கலந்தாய்வு ஆவணம் ஒன்றை எடுங்கள். கடைசித் தேதியைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். அதற்குப் பதில் எழுதி அனுப்புவதுதான் பயிற்சி.

ஆவணம் நூறு பக்கம் இருந்தாலும் மிரள வேண்டாம். கேள்விகள் பெரும்பாலும் கடைசியில் மொத்தமாக இருக்கும். முதலில் அங்கே போங்கள். உங்கள் மக்களைத் தொடுகிற இரண்டு மூன்று கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றுக்கு வேண்டிய பக்கங்களுக்குத் திரும்பி வாருங்கள்.

கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுத வேண்டும். 2015 டிசம்பரில் இந்தியாவின் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய், பார்க்கும் தளத்தையோ செயலியையோ பொறுத்து இணையச் சேவைக்கு வெவ்வேறு கட்டணம் வைக்கலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டது. லட்சக்கணக்கில் மின்னஞ்சல்கள் குவிந்தன. ஒரு நிறுவனத்தின் திட்டத்தை ஆதரிப்பதாக மட்டும் சொன்ன ஒரே மாதிரி மடல்களைப் பார்த்த டிராய், கேட்ட கேள்விகளுக்கு இதில் பதில் இல்லையே என்றது. 2016 பிப்ரவரி 8 அன்று அத்தகைய பாகுபாடான கட்டணங்களுக்குத் தடை வந்தது. கையெழுத்து சேர்க்கும் வேலையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை; ஆனால் அதற்கு முன் காரண காரியத்தோடு நான்கு பக்கம் எழுதுங்கள்.

அந்த நான்கு பக்கத்தில் எதை வைப்பது? நிறுவனங்களிடம் வழக்கறிஞர்களும் பொருளியலாளர்களும் இருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது பயன்படுத்துகிறவரின் அனுபவம். பார்வையற்றோர் குழு ஒன்றில் வகுப்பு எடுத்தபோது ஒரு பெண் தன் கைப்பேசியை என் காதருகே வைத்து, “நீங்களே கேளுங்க” என்றார். ரீசார்ஜ் செய்யும் செயலியில் அவர் விரலை நகர்த்த நகர்த்த, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் “பட்டன்... பட்டன்... பட்டன்...” என்று மட்டும் சொன்னது. எது பணம் கட்டுவது, எது ரத்து செய்வது என்று தெரியவே இல்லை. ‘மாற்றுத்திறனாளிகள் அவதிப்படுகிறார்கள்’ என்று எழுதியிருந்தால் அது ஒரு பெருமூச்சாகவே போயிருக்கும். நாங்கள் உட்கார்ந்து எண்ணினோம்: அந்தத் திரையில் இருந்த ஏழு பட்டன்களில் ஐந்துக்குப் பெயர் இல்லை. தேதி, செயலியின் பதிப்பு எண், திரையின் படம் எல்லாவற்றையும் சேர்த்தோம். அப்புறம் கோரிக்கை: இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்களை அமைப்பதற்காக 2018-இல் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டி 2.1-ஐ உரிம நிபந்தனையாக்குங்கள், ஓராண்டு அவகாசம் கொடுங்கள். இப்படி ஒரு குறை, ஒரு சான்று, ஒரு விதி என்று மூன்றும் சேர்ந்தால்தான் படிக்கிற அதிகாரியால் அதைக் கோப்பில் ஏற்ற முடியும்.

உலக மேடைகள் பற்றியும் கேட்பார்கள். இணைய முகவரிப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் கருத்துக் கேட்பில் யாரும் எழுதலாம். 2006 முதல் நடக்கும் இணைய ஆளுகை மன்றத்துக்கு யாரும் போகலாம், ஆனால் அது முடிவெடுக்கும் இடமல்ல. ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வில் வாக்கு அரசுகளுக்குத்தான். அதனால் அங்கே போகும் உங்கள் நாட்டு அரசுக் குழுவை அது கிளம்புவதற்கு முன்பே பிடியுங்கள்.

பணம் தருகிறவர்கள் கருத்தரங்குக்குத் தருவார்கள், படிக்கும் நேரத்துக்குத் தர மாட்டார்கள். கூச்சப்படாமல் அதைத்தான் கேளுங்கள்: ஒரே ஆளுக்கு, இரண்டு ஆண்டுக்கு, வாரம் இரண்டு நாள். கூட்டத்துக்குக் கூட்டம் ஆளை மாற்றினால் ஒவ்வொரு முறையும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பதில் அனுப்பியதோடு கடையைக் கட்டிவிடாதீர்கள். பல ஆணையங்கள் எல்லோருடைய கருத்துகளையும் வெளியிட்டு, எதிர்க்கருத்துக்கும் சில நாள் தருகின்றன. நிறுவனங்கள் சொன்னதைப் படித்து மறுக்க அதுதான் வாய்ப்பு. இறுதி விதி வந்ததும் அதன் விளக்கக் குறிப்பைக் குழுவோடு உட்கார்ந்து படியுங்கள். உங்கள் வாதத்தை ஏற்காததற்குச் சொன்ன காரணத்தை அடிக்கோடிட்டு, அந்தப் பக்கத்தைக் கோப்பில் மேலாக வையுங்கள். அடுத்த பதிலை அங்கிருந்து தொடங்கலாம்.